ஸ்மோக் டிடெக்டரை ஃபயர் அலாரம் பேனல்ல கனெக்ட் பண்றது எப்படி: கேபிள் இழுக்கறதுல இருந்து கடைசி டெஸ்ட் வரைக்கும்

ஒரு கட்டிடத்துக்கு வருஷாந்திர சர்வீசுக்குப் போயிருந்தேன். பேனல்ல பச்சை லைட் மட்டும் எரியுது, ஒரு ஃபால்ட் கிடையாது, எல்லாம் சரியா இருக்குன்னுதான் யாரா இருந்தாலும் நினைப்பாங்க. ஸ்மோக் ஸ்ப்ரேயை எடுத்துட்டு ஒவ்வொரு டிடெக்டரா அடிச்சுட்டே போனா, ஒரு ஜோன்ல, அதாவது பேனல்ல இருந்து ஒரே லைன்ல போற டிடெக்டர் கூட்டத்துல, முதல் நாலு டிடெக்டர் நல்லா வேலை செய்யுது, அஞ்சாவதுல இருந்து கடைசி வரைக்கும் எதுவுமே பேசல. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல ஏறிப் பார்த்தா கேபிள் அறுந்து கிடக்கு. அறுந்த கேபிளுக்கு பேனல் ஏன் கத்தலன்னு திரும்ப வந்து பேனலைத் திறந்தா, கடைசி டிடெக்டர்ல இருக்க வேண்டிய ரெசிஸ்டர் பேனல் டெர்மினல்லயே சொருகி இருக்கு. எத்தனை மாசமா அப்படி இருந்துச்சோ தெரியாது, அந்த அறைங்க எல்லாத்துலயும் ஆள் இருந்து வேலை பார்த்துட்டு இருந்தாங்க.

அன்னைக்கு மனசுல பதிஞ்சது இன்னைக்கும் மாறல. டிடெக்டரை வேலை செய்ய வைக்கிறது சுலபம், ரெண்டு வயரை சேர்த்தா வேலை செஞ்சுடும். எங்க ஒரு வயர் கழண்டாலும், எங்க ஒரு டிடெக்டரை யாராவது கழட்டினாலும் பேனலுக்குத் தெரியிற மாதிரி வயரிங் பண்றதுதான் உண்மையான வேலை. கீழ சொல்லப் போற ஒவ்வொரு ஸ்டெப்பும் அதுக்காகத்தான்.

தொடங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. நிறைய நாடுகள்ல இந்த வேலையை லைசென்ஸ் இருக்கறவங்கதான் பண்ணணும், முடிச்சதும் ஃபயர் டிபார்ட்மென்ட் ஒப்புதலும் வேணும். அது உங்க ஊர் விதிப்படி பார்த்துக்கங்க. இங்க நான் பெரும்பாலும் ரெண்டு வயர் கன்வென்ஷனல் (எந்த ஜோன்னு மட்டும் சொல்ற வகை) சிஸ்டத்தை வச்சு சொல்றேன், அது புரிஞ்சா நாலு வயர், அட்ரசபிள் (ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி நம்பர் இருக்கற வகை) எல்லாம் தானா புரியும்.

பேனல் எப்படிப் பார்க்குது

கன்வென்ஷனல் பேனல்ல ஒவ்வொரு ஜோனுக்கும் ரெண்டு டெர்மினல், அதுல சுமார் 24 வோல்ட் டிசி வெளிய போகுது. அந்த ரெண்டு வயர் எல்லா டிடெக்டரையும் தொட்டுட்டு போய் கடைசில ஒரு ரெசிஸ்டர்ல முடியுது, அதுக்குப் பேர்தான் எண்டு ஆஃப் லைன், சுருக்கமா ஈஓஎல். ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம்னு வச்சுக்கங்க, 24 வோல்ட்டை அதால வகுத்தா சுமார் 5 மில்லி ஆம்பியர் வருது. அந்த 5 மில்லி ஆம்பியர் ஓடிட்டே இருக்கற வரைக்கும் பேனல் நிம்மதியா இருக்கும், ஏன்னா கரண்ட் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வருதுன்னா நடுவுல வயர் முழுசா இருக்குன்னு அர்த்தம்.

வயர் அறுந்தா கரண்ட் நின்னு போகும், பேனல் ஃபால்ட் காட்டும். புகை வந்து ஒரு டிடெக்டர் ட்ரிப் ஆச்சுன்னா அது தன்னோட ரெசிஸ்டன்ஸை சில நூறு ஓம் அளவுக்கு இறக்கிடும், கரண்ட் பல மடங்கு ஏறும், பேனல் ஃபயர்னு எடுத்துக்கும். ரெண்டு வயரும் ஷார்ட் ஆச்சுன்னா என்ன ஆகும்ங்கறது பேனலைப் பொறுத்தது. ஐரோப்பிய ஸ்டைல் பேனல் நிறைய ஷார்ட்டை ஃபால்ட்னு காட்டும், அதனாலதான் அங்க மேனுவல் கால் பாயிண்ட், அதாவது ஆள் கையால அமுக்கற அலாரம் பட்டன், அதுக்குள்ள 470 ஓம் இல்ல 680 ஓம் ரெசிஸ்டர் வச்சிருப்பாங்க. அமெரிக்க ஸ்டைல் பேனல்ல ஷார்ட்டே ஃபயர்தான், அங்க கால் பாயிண்ட் நேரா ரெண்டு வயரையும் சேர்த்துவிடும். உங்க பேனல் எந்த வகைன்னு மேனுவல்ல பார்க்காம கால் பாயிண்டை மாட்டாதீங்க, மாத்தி மாட்டினா பட்டனை அமுக்கும்போது ஃபயருக்குப் பதிலா வெறும் ஃபால்ட் வரலாம்.

இன்னொரு விஷயம், டிடெக்டருக்குன்னு தனியா பவர் கிடையாது, அதே ரெண்டு வயர்லதான் அதுவும் உயிர் வாழுது. சும்மா இருக்கும்போது ஒரு டிடெக்டர் 100 மைக்ரோ ஆம்பியர் அளவுக்குத்தான் எடுக்கும், நிறைய மாடல் அதைவிடக் கம்மி. 20 டிடெக்டர் போட்டா 2 மில்லி ஆம்பியர். இந்தக் கூட்டுத்தொகைக்கு பேனல் ஒரு லிமிட் வச்சிருக்கும், அதைத் தாண்டினா பேனல் குழம்பிடும். அதனால ஒரு கம்பெனி பேனல்ல வேற கம்பெனி டிடெக்டரைப் போடுறப்ப, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும்னு தயாரிப்பாளர் எழுத்துல குடுத்த லிஸ்ட் இருக்கான்னு பாருங்க. "ரெண்டும் 24 வோல்ட்தானே"ன்னு போட்டுடாதீங்க, டெஸ்ட்ல ஒரு டிடெக்டர் வேலை செஞ்சதுனால ஜோன் முழுக்க ஒத்துப்போகுதுன்னு ஆகிடாது.

முதல்ல பேப்பர்ல

கட்டிடத்தோட பிளானை எடுத்துட்டு எது எங்கன்னு குறிச்சுக்கங்க. சமதள சீலிங்ல பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 5839 படி எந்த இடத்துல இருந்தும் 7.5 மீட்டருக்குள்ள ஒரு ஸ்மோக் டிடெக்டர் இருக்கணும், அதைச் சதுரமா பரப்பினா டிடெக்டருக்கு டிடெக்டர் சுமார் 10.6 மீட்டர் வரும். அமெரிக்கத் தரமான என்எஃப்பிஏ 72 ல 30 அடி, அதாவது சுமார் 9.1 மீட்டர் இடைவெளின்னு எடுத்துக்குவாங்க. ஏசி காத்து வெளிய வர்ற வாய்ல இருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைங்க, காத்து புகையைத் தள்ளிட்டா டிடெக்டர் இருந்தும் பிரயோஜனம் இல்ல. சமையல் நடக்கற இடம், நீராவி வர்ற இடம், தூசி பறக்கற இடம் இதுக்கெல்லாம் ஹீட் டிடெக்டர்தான் சரி. அங்க ஸ்மோக் டிடெக்டர் வச்சா தினமும் கத்தும், பத்தாவது நாள் யாராவது அதைக் கழட்டி மேஜை மேல வச்சிடுவாங்க.

ஜோன் பிரிக்கறதை சோம்பேறித்தனமா பண்ணாதீங்க. கன்வென்ஷனல் பேனல் "ஜோன் 3 ஃபயர்"னு மட்டும்தான் சொல்லும், எந்த டிடெக்டர்னு சொல்லாது. ஓடி வர்றவங்க அந்த ஜோன் முழுக்கத் தேடணும். பிஎஸ் 5839 ஒரு ஜோனை 2000 சதுர மீட்டருக்கு மேல விடாது. பெரிய கட்டிடம்னா ஒரு ஜோன் ஒரே மாடிக்குள்ள நிக்கணும், ரெண்டு மாடியை ஒரே ஜோன்ல போட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு தேடுறவர் படிக்கட்டுல ஏறி இறங்கியே நேரம் போயிடும்.

பிளான்ல கேபிள் போற வரிசையை அம்புக்குறி போட்டு வரைஞ்சுக்கங்க: பேனல், ஒண்ணு, ரெண்டு, மூணு, கடைசி. கடைசிக்கு ஒரு வட்டம் போடுங்க, ஈஓஎல் அங்கதான்.

கேபிள்

ஜோனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், ரெண்டு கோர் (கேபிளுக்குள்ள இருக்கற தனித்தனி வயர்), தீயில தாக்குப்பிடிக்கற வகை, இது பல இடத்துல வழக்கம். உங்க ஊர் விதி வேற சொன்னா அதுதான். ரெசிஸ்டன்ஸ் கணக்கு பார்த்துக்கங்க: 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கோர் சுமார் 12.1 ஓம். 200 மீட்டர் தூரம்னா போய் வர 400 மீட்டர், அதாவது 5 ஓம் கூட இல்ல. ஜோன் லைனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல, பேனல் பொதுவா இதைப்போல பல மடங்கு தாங்கும். ஹூட்டர், அதாவது அலாரம் சத்தம் போடற கருவி, அதோட லைன்லதான் கவனமா இருக்கணும், அங்க கரண்ட் அதிகம், வோல்ட்டேஜ் இறங்கி கடைசி ஹூட்டர் முனகிட்டு இருக்கும்.

மெயின்ஸ் கேபிளோட சேர்த்து ஒரே பைப்ல விடாதீங்க. ஷீல்டு உள்ள கேபிள்னா ஷீல்டை ஒவ்வொரு பாயிண்ட்லயும் தொடர்ச்சியா சேர்த்துட்டு போய் பேனல் பக்கம் மட்டும் எர்த்ல குடுங்க, கடைசில டேப் சுத்தி விட்டுடுங்க. ரெண்டு பக்கமும் எர்த் பண்ணா அதுவே ஒரு லூப் ஆகி நாய்ஸை இழுத்துட்டு வரும்.

இழுக்கும்போது ஒவ்வொரு பாயிண்ட்லயும் ஒரு சாண் நீளம் விட்டு வைங்க, உள்ள வர்றதுக்கும் வெளிய போறதுக்கும் அங்கேயே லேபிள் ஒட்டிடுங்க. அப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டா ஒரே மாதிரி நாலு கோர் தொங்கும், எது எதுன்னு கண்டுபிடிக்க அரை நாள் போகும்.

இதுல கைவைக்கவே கூடாத ஒண்ணு, டி ஜாயிண்ட். நடுவுல ஒரு டிடெக்டர் கொஞ்சம் தள்ளி இருக்கு, மெயின் லைன்ல இருந்து ஒரு கிளை எடுத்துக்கலாம்னு தோணும். அந்தக் கிளையோட நுனில ஈஓஎல் இல்ல, அதனால கிளை அறுந்தா பேனலுக்குத் தெரியவே தெரியாது. அந்த டிடெக்டர் வரைக்கும் போய்ட்டு திரும்பி வர்ற மாதிரி இழுங்க, கேபிள் கொஞ்சம் கூடுதலா ஆனா பரவாயில்ல.

மெக்கர், பேஸ் மாட்டறதுக்கு முன்னாடி

கேபிள் இழுத்து முடிச்சாச்சு, இன்னும் பேஸ் (சீலிங்ல நிக்கற டிடெக்டரோட அடிப்பாகம்) மாட்டல, பேனல்ல சேர்க்கல. மெக்கர் பண்ண, அதாவது கேபிளோட தோல் (இன்சுலேஷன்) நல்லா இருக்கான்னு அதிக வோல்ட்ல சோதிக்க, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. 500 வோல்ட்ல கோருக்கும் கோருக்கும், ஒவ்வொரு கோருக்கும் எர்த்துக்கும், ஷீல்டு இருந்தா அதுக்கும் பாருங்க, 2 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது, புது கேபிள்னா அதைவிட ரொம்ப அதிகமா வரணும். டிடெக்டரோ பேனலோ சேர்ந்திருக்கும்போது மெக்கர் குடுத்தீங்கன்னா உள்ள இருக்கற எலக்ட்ரானிக்ஸ் அத்தனையும் போயிடும். அதனால லைன்ல எதுவும் இல்லன்னு ரெண்டு முனையையும் கண்ணால பார்த்துட்டுதான் பட்டனை அமுக்கணும். முடிச்சதும் கோர் ரெண்டையும் ஒரு தடவை சேர்த்து மீதி சார்ஜை இறக்கிடுங்க. ரீடிங்கை எழுதி வைங்க, நாளைக்கு எர்த் ஃபால்ட் (கோர் எங்கயாவது எர்த்தைத் தொடறது) வந்தா ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பேஸ் வயரிங்

டிடெக்டர்ல ரெண்டு பாகம், சீலிங்ல நிக்கற பேஸ், அதுல திருகி மாட்டற ஹெட். வயர் எல்லாம் பேஸ்லதான். டெர்மினல் பேர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனா விஷயம் ஒண்ணுதான்: ஒரு லைன் பேஸுக்குள்ள உடைஞ்சு போகும், இன்னொரு லைன் உடையாம நேரா போகும். உடையற லைனுக்கு உள்ள வர்ற டெர்மினல் ஒண்ணு, வெளிய போற டெர்மினல் ஒண்ணு. ஹெட்டைத் திருகினாத்தான் அதுக்குள்ள இருக்கற காண்டாக்ட் வழியா ரெண்டும் சேரும். ஹெட்டைக் கழட்டினா லைன் அறுந்த மாதிரி ஆகி பேனல் ஃபால்ட் காட்டும். ரொம்ப அறிவா யோசிச்சு வச்ச அமைப்பு இது.

இதைத் தெரியாம ரெண்டு வயரையும் ஒரே டெர்மினல்ல திணிக்கறவங்க இருக்காங்க. வர்ற வயர், போற வயர் ரெண்டையும் "உள்ள" டெர்மினல்ல சேர்த்து இறுக்கிட்டா டிடெக்டர் வேலை செய்யும், டெஸ்ட்ல பாஸ் ஆகும், ஆனா நாளைக்கு ஹெட்டைக் கழட்டி வச்சாலும் பேனல் பச்சையாவே நிக்கும். கண்ணுக்குத் தெரியாத தப்புங்கறதால இது ரொம்ப ஆபத்து.

உடையாத லைன்லயும் ஒரு நுணுக்கம் இருக்கு. கோரை வெட்டாம, கொஞ்சம் தோல் மட்டும் உரிச்சு ஸ்க்ரூவைச் சுத்தி வளைச்சு இறுக்கிட்டு அப்படியே அடுத்த பாயிண்டுக்குப் போறவங்க உண்டு, நேரம் மிச்சம்னு. ஸ்க்ரூ லூசாகி கோர் வெளிய வந்தாலும் கோர் முழுசா இருக்கறதால கரண்ட் ஓடிட்டே இருக்கும், டிடெக்டர் மட்டும் தனியா கழண்டு நிக்கும், பேனலுக்கு எதுவும் தெரியாது. அதனால ஒவ்வொரு பேஸ்லயும் கோரை வெட்டுங்க, வர்றது ஒரு துண்டு, போறது ஒரு துண்டு, ரெண்டையும் ஸ்க்ரூவோட ரெண்டு பக்கம் வைங்க. இறுக்கினதும் ஒவ்வொண்ணையும் ஒரு இழு இழுத்துப் பாருங்க.

போலாரிட்டி: சில டிடெக்டர் எப்படிப் போட்டாலும் ஏத்துக்கும், சிலது பிளஸ் மைனஸ் பார்க்கும். பார்க்கற வகையில மாத்திப் போட்டா பல நேரம் ஃபால்ட் எதுவும் வராது, டிடெக்டர் சும்மா இருக்கும், அவ்வளவுதான். ஏத்துக்கற வகையா இருந்தாலும் கலர் மாத்தாமப் போடுங்க, பின்னாடி வர்றவர் அதை நம்பித்தான் வேலை பார்ப்பார்.

ரெஸ்பான்ஸ் இண்டிகேட்டர் வேணும்னா, அதாவது பூட்டின அறைக்கு வெளிய கதவு மேல எரியிற சின்ன லைட், பேஸ்ல அதுக்குன்னு ஒரு டெர்மினல் இருக்கும், லைன்ல இருந்து எடுத்துடாதீங்க. எரியற எல்ஈடி வாசல் பக்கம் தெரியற மாதிரி பேஸைத் திருப்பி மாட்டுங்க, நிறைய பேஸ்ல அதுக்கு ஒரு குறி போட்டிருப்பாங்க.

கால் பாயிண்டை எங்க வைக்கறது

ஒரே ஜோன்ல டிடெக்டரும் கால் பாயிண்டும் சேர்ந்து வரும்போது வரிசை முக்கியம். டிடெக்டர் ஹெட்டைக் கழட்டினா அதுக்கு அப்புறம் இருக்கற எல்லாமே அறுந்து போகும்னு மேல பார்த்தோம்ல, அந்த "எல்லாமே"ல ஒரு கால் பாயிண்ட் இருந்துச்சுன்னா, யாரோ பெயிண்ட் அடிக்க ஹெட்டைக் கழட்டின நேரத்துல ஒருத்தர் ஓடி வந்து கண்ணாடியை உடைச்சாலும் அலாரம் அடிக்காது. அதனால பேனல்ல இருந்து முதல்ல கால் பாயிண்ட் எல்லாம், அப்புறம் டிடெக்டர்ங்கற வரிசைல போடுங்க. இல்லன்னா கால் பாயிண்டுக்குத் தனி ஜோன் குடுங்க, எனக்கு இதுதான் பிடிக்கும், ஏன்னா மனுஷன் அமுக்கினதா டிடெக்டர் அடிச்சதான்னு பேனலைப் பார்த்ததும் தெரிஞ்சுடும். டயோடு வச்ச பேஸும் அதுக்கேத்த ஆக்டிவ் ஈஓஎல்லும் (சாதா ரெசிஸ்டருக்குப் பதிலா வர்ற எலக்ட்ரானிக் வகை) கிடைக்குது, அதுல ஹெட்டைக் கழட்டினாலும் லைன் தொடரும், ஆனா பேனல் அதை சப்போர்ட் பண்ணணும்.

ஈஓஎல்

கடைசி பேஸ்ல "வெளிய போற" டெர்மினலுக்கும் உடையாத லைனுக்கும் நடுவுல. "உள்ள வர்ற" டெர்மினல்ல போட்டுட்டா கடைசி ஹெட்டை யார் கழட்டினாலும் பேனலுக்குத் தெரியாது. மதிப்பு பேனல் மேனுவல்ல இருக்கும், 3.9 கிலோ, 4.7 கிலோ, 6.8 கிலோ, 10 கிலோன்னு பேனலுக்கு பேனல் மாறும். பேனலோட பாக்கெட்ல வர்றதையே போடுங்க.

ரெசிஸ்டர் மேல இருக்கற கலர் கோடுகளைப் பார்த்து எடுங்க. மஞ்சள் ஊதா சிவப்புன்னா 4.7 கிலோ, மஞ்சள் ஊதா பழுப்புன்னா 470 ஓம். மங்கலான வெளிச்சத்துல சிவப்பும் பழுப்பும் ஒரே மாதிரி தெரியும். 470 ஐ ஈஓஎல்லா போட்டுட்டா 24 வோல்ட்ல 50 மில்லி ஆம்பியர் ஓடும், ஆன் பண்ண உடனே ஃபயர் அடிக்கும், நீங்க எல்லா டிடெக்டரையும் சந்தேகப்பட்டுட்டு இருப்பீங்க. மல்டிமீட்டர்ல ஒரு தடவை அளந்துட்டு, ரெசிஸ்டரோட கால் ரெண்டுக்கும் ஸ்லீவ் போட்டு மாட்டுங்க.

பேனல்ல சேர்க்கறதுக்கு முன்னாடி பேனல் பக்கத்து முனைல ஓம் அளந்து பாருங்க. ஹெட் இல்லாத பேஸ் லைனை உடைச்சு வச்சிருக்கும், அதனால உள்ள வெளிய டெர்மினலை ஒவ்வொரு பேஸ்லயும் சின்ன வயர் துண்டால தற்காலிகமா சேர்த்துக்கணும், எத்தனை துண்டு போட்டீங்கன்னு எண்ணி வச்சு அத்தனையையும் எடுத்துடணும். 4.7 கிலோவும் கூட சில ஓமும் வந்தா நல்லது. பாதி, அதாவது 2.35 கிலோ வந்தா எங்கயோ இன்னொரு ஈஓஎல் இருக்கு. முடிவே இல்லன்னா அறுந்திருக்கு, பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருந்தா ஷார்ட்.

பேனலை உயிர்ப்பிக்கறது

பேனலுக்கு மெயின்ஸ் தனி சர்க்யூட்ல இருந்து வரணும், வேற எதுவும் அதுல தொங்கக் கூடாது, அந்த பிரேக்கர் மேல "ஃபயர் அலாரம், ஆஃப் பண்ணாதே"ன்னு எழுதி ஒட்டுங்க. எர்த்தை முதல்ல குடுங்க. மெயின்ஸ் கேபிள் பேனலுக்குள்ள ஒரு பக்க ஓட்டை வழியா, ஜோன் கேபிள் வேற பக்கம்.

பேட்டரி ரெண்டு 12 வோல்ட், சீரீஸ்ல 24. எந்த அளவுன்னு கணக்குப் போடுங்க. உதாரணத்துக்கு சும்மா இருக்கும்போது சிஸ்டம் 120 மில்லி ஆம்பியர், அலாரம்ல 800 மில்லி ஆம்பியர், 24 மணி நேரம் நிக்கணும், அதுக்கப்புறம் அரை மணி நேரம் அலாரம் அடிக்கணும். 0.12 ஐ 24 ஆல பெருக்கினா 2.88, 0.8 ஐ அரையால பெருக்கினா 0.4, மொத்தம் 3.28, பேட்டரி வயசாகறதுக்கு 1.25 ஆல பெருக்கினா 4.1 ஆம்பியர் அவர். 7 ஆம்பியர் அவர் பேட்டரி தாராளம். எத்தனை மணி நேரம் நிக்கணும்ங்கறது விதிக்கு விதி மாறும்.

ஃபீல்டு கேபிள் எதையும் சேர்க்காம, எல்லா ஜோன் டெர்மினல்லயும் ஒரு ஈஓஎல்லை நேரா சொருகி பேனலை மட்டும் ஆன் பண்ணுங்க. பெரும்பாலான மேனுவல் முதல்ல மெயின்ஸ், அப்புறம் பேட்டரின்னு சொல்லும். பேட்டரி முனைங்க ஸ்பேனர்லயோ ஸ்க்ரூ டிரைவர்லயோ ஷார்ட் ஆகாம பார்த்துக்கங்க, சின்ன பேட்டரிதானேன்னு நினைக்க வேண்டாம், வயர் சிவந்து உருகற அளவுக்கு கரண்ட் வரும். பேனல் நார்மல்னு நின்னா பேனல் நல்லா இருக்கு. ஆஃப் பண்ணிட்டு ஒரு ஜோனை மட்டும் சேருங்க, ஆன் பண்ணுங்க, சரியா இருந்தா அடுத்த ஜோன். எல்லாத்தையும் ஒரே நேரத்துல சேர்த்துட்டு நாலு ஃபால்ட்டையும் ஒண்ணா துரத்தாதீங்க.

இங்க நிதானமா இருங்க: ஒவ்வொரு ஜோன் கேபிளைச் சேர்க்கும்போதும் அந்த டெர்மினல்ல சொருகின டெஸ்ட் ரெசிஸ்டரை எடுத்துடணும். ஆரம்பத்துல சொன்ன கட்டிடத்துல நடந்தது அநேகமா இதுவாத்தான் இருக்கும், டெஸ்டுக்குப் போட்ட ரெசிஸ்டரை எடுக்கல, இல்ல கடைசி பேஸ்ல ஃபால்ட் வந்தப்ப ஏணி ஏறாம பேனல்லயே முடிச்சுட்டாங்க. நான் இப்பல்லாம் எத்தனை சொருகினேனோ அத்தனையும் கைல திரும்ப வந்துச்சான்னு எண்ணிட்டுதான் பேனல் கதவை மூடுவேன். பயன்படுத்தாத ஜோன்ல மட்டும் அது அங்கேயே இருக்கலாம்.

ஹெட்டை எப்ப மாட்டறது

பெயிண்ட், தச்சு வேலை, தரை தேய்க்கற வேலை எல்லாம் முடிஞ்சு பெருக்கித் துடைச்ச பிறகு. ஆப்டிகல் டிடெக்டர் உள்ள ஒரு எல்ஈடியும் அதோட ஒளி நேரா படாத இடத்துல ஒரு சென்சாரும் இருக்கு, புகைத்துகள்ல பட்டுச் சிதறின ஒளிதான் சென்சாருக்குப் போகும். சிமெண்ட் தூசிக்கும் ஒளி அதே மாதிரிதான் சிதறும், டிடெக்டருக்கு வித்தியாசம் தெரியாது. முன்னாடியே மாட்டியே ஆகணும்னா பிளாஸ்டிக் மூடியோட விடுங்க, ஒப்படைக்கற நாள்ல எல்லா மூடியையும் எடுத்தாச்சான்னு எண்ணுங்க.

ஃபால்ட் வந்தா

ஜோன் ஓபன் ஃபால்ட்னா முதல் சந்தேகம் சரியா திருகாத ஹெட். அது இல்லன்னா வரிசைல நடு டிடெக்டருக்குப் போய் பேஸ்ல வோல்ட் பாருங்க. அங்க வோல்ட் இருந்தா அறுந்தது அதுக்கு அப்பால, இல்லன்னா இப்பால. மறுபடி அந்தப் பாதில நடு. 20 டிடெக்டர் இருந்தாலும் நாலஞ்சு தடவை ஏணி ஏறினா இடம் தெரிஞ்சுடும்.

எர்த் ஃபால்ட்னா ஜோனை ஒவ்வொண்ணா பேனல்ல இருந்து கழட்டுங்க, எதைக் கழட்டினப்ப போச்சோ அதுதான். நான் பார்த்த வரைக்கும் பேஸைச் சீலிங்ல முடுக்கற ஸ்க்ரூ கோரைக் கிள்ளி வச்சிருக்கும், இல்ல இரும்புப் பெட்டியோட ஓரம் தோலைக் கிழிச்சிருக்கும்.

ஆன் பண்ண உடனே ஃபயர்னா ஈஓஎல் மதிப்பு, ரெண்டு வயர் ஷார்ட் (ஷார்ட்டை ஃபயர்னு எடுத்துக்கற பேனல்ல), உள்ள அமுங்கிக் கிடக்கற கால் பாயிண்ட், இந்த வரிசைல பாருங்க. ஒரு தடவை ட்ரிப் ஆன டிடெக்டர் புகை போனாலும் தானா அடங்காது, பேனல்ல ரீசெட் குடுக்கணும், ரீசெட் சில நொடி ஜோனோட பவரை நிறுத்தித் திரும்பக் குடுக்கும், அப்பதான் விடும்.

டெஸ்ட்

முதல்ல கட்டிடத்துல எல்லாருக்கும் சொல்லுங்க. லிஃப்ட், ஏசி, கதவு, ஃபயர் ஸ்டேஷனுக்குப் போற லிங்க் இதெல்லாம் பேனலோட கட்டியிருந்தா டெஸ்ட் நேரத்துல பிரிச்சு வைங்க. திரும்பச் சேர்க்க வேண்டியதை எழுதி பேனல் கதவுல ஒட்டி வைங்க.

ஒவ்வொரு டிடெக்டரையும் அதுக்குன்னு விக்கற டெஸ்ட் ஸ்ப்ரேயால டெஸ்ட் பண்ணுங்க, தயாரிப்பாளர் சொன்ன தூரத்துல, கொஞ்சமா. பேப்பர் கொளுத்தறது, சிகரெட் ஊதறது வேண்டாம், உள்ள பிசுக்கு படிஞ்சு டிடெக்டர் கெட்டுடும். காந்தம் வச்சு டெஸ்ட் பண்ற மாடல்ல காந்தம் எலக்ட்ரானிக்ஸைத்தான் சோதிக்கும், புகை உள்ள போகுதான்னு சொல்லாது. டிடெக்டர்ல லைட் எரியணும், பேனல்ல சரியான ஜோன் வரணும், ஹூட்டர் அடிக்கணும். ஒருத்தர் பேனல்ல நின்னு ஜோன் நம்பரைச் சத்தமா சொல்லட்டும், ரெண்டு ஜோன் இடம் மாறியிருந்தா இங்கதான் பிடிபடும்.

பாதிப் பேர் இதோட நிறுத்திடுறாங்க, ஆனா இன்னொரு சுத்து இருக்கு. ஒவ்வொரு ஹெட்டையும் கழட்டுங்க, பேனல் ஃபால்ட் காட்டுதான்னு பாருங்க, திரும்ப மாட்டுங்க, ரீசெட். ஐரோப்பிய தரமான ஈஎன் 54 பாகம் 2 படி ஃபால்ட் 100 நொடிக்குள்ள தெரியணும், அதனால ஒரு நிமிஷம் காத்திருந்துட்டு வரலன்னு முடிவு பண்ணாதீங்க. அடுத்து கடைசி பேஸ்ல ஈஓஎல்லோட ஒரு காலைக் கழட்டிப் பாருங்க, அதுக்கும் ஃபால்ட் வரணும், வரலன்னா எங்கயோ இன்னொரு ரெசிஸ்டர் பேனலை ஏமாத்திட்டு இருக்கு. அப்புறம் மெயின்ஸை ஆஃப் பண்ணி பேட்டரியில ஒரு ஃபயர் டெஸ்ட், பேட்டரி வயரைக் கழட்டி அதுக்கும் ஃபால்ட் வருதான்னு ஒரு டெஸ்ட்.

நாலு வயர் டிடெக்டர்

இதுல பவர் தனி ஜோடி, சிக்னல் தனி ஜோடி. டிடெக்டருக்குள்ள ஒரு ரிலே, புகை வந்தா அதோட காண்டாக்ட் மூடி ஜோன் லைன்ல ஃபயரை உண்டாக்கும். ஈஓஎல் பழையபடி சிக்னல் ஜோடியோட கடைசில. ஆனா பவர் ஜோடி அறுந்தா என்ன ஆகும்? டிடெக்டர் செத்துடும், சிக்னல் ஜோடி முழுசா இருக்கறதால பேனல் பச்சையா நிக்கும். அதுக்குத்தான் பவர் ஜோடியோட கடைசில ஒரு ரிலே போட்டு, பவர் இருக்கற வரைக்கும் மூடி நிக்கற அதோட காண்டாக்டை ஈஓஎல்லோட சீரீஸ்ல வைக்கணும். பவர் போனா ரிலே விழும், காண்டாக்ட் திறக்கும், ஈஓஎல் பிரியும், ஃபால்ட் வரும். பவரை பேனல்ல ரீசெட் ஆகற அவுட்புட்ல இருந்து எடுங்க, நிரந்தர 24 வோல்ட்ல எடுத்தா ட்ரிப் ஆன டிடெக்டர் ரீசெட்டே ஆகாது.

அட்ரசபிள்

இங்க ரெண்டு வயர் பேனல்ல கிளம்பி எல்லா டிடெக்டரையும் தொட்டு பேனலுக்கே திரும்பி வரும். ஈஓஎல் கிடையாது, பேனல் ஒவ்வொரு டிடெக்டரையும் நம்பர் சொல்லிக் கூப்பிடும், பதில் வரலன்னா ஃபால்ட். அதனால நம்பரை முன்னாடியே பிளான்ல எழுதிட்டு, ஹெட்லயோ பேஸ்லயோ இருக்கற ஸ்விட்சுலயோ புரோகிராமர்லயோ செட் பண்ணிட்டு மேல போங்க, ஒரே நம்பர் ரெண்டுக்கு வந்தா பேனல் குழம்பும். லூப் ஒரு இடத்துல அறுந்தா ரெண்டு பக்கம் இருந்தும் பேனல் பேசிக்கும், ஆனா ஷார்ட் ஆச்சுன்னா லூப் முழுக்கப் படுத்துடும், அதைத் தடுக்க நடுநடுவுல ஐசொலேட்டர், அதாவது ஷார்ட் ஆன துண்டை மட்டும் பிரிச்சு விடற கருவி, வேணும். ஈஎன் 54 பாகம் 2 படி ஒரே ஃபால்ட்ல 32 டிடெக்டருக்கு மேல போகக் கூடாது, நான் அதைவிட நெருக்கமா, மாடிக்கு மாடி, ஜோனுக்கு ஜோன் எல்லைல வைக்கச் சொல்லுவேன். போற கேபிளையும் திரும்பற கேபிளையும் ஒரே டிரேல விடாதீங்க, ஒரே இடத்துல ரெண்டும் எரிஞ்சா லூப் போட்டதுக்கே அர்த்தம் இல்ல.

ஒப்படைக்கும்போது

உண்மைல எப்படி ஓடுதோ அப்படி கேபிள் வரிசையைத் திருத்தி வரைஞ்சு ஒரு பிரதி பேனல் கதவுக்குள்ள வைங்க. மெக்கர் ரீடிங், ஜோன் ஓம், பேட்டரி போட்ட தேதி அதுலயே இருக்கட்டும். ஒவ்வொரு ஜோனுக்கும் ஈஓஎல் எந்த அறைல எந்த பேஸ்லன்னு எழுதுங்க, அந்த பேஸ் மேலயும் கீழ இருந்து படிக்கற அளவுக்கு "ஈஓஎல்"னு சின்ன லேபிள் ஒட்டிடுங்க, அடுத்த வருஷம் சர்வீசுக்கு வர்றவர் ஏணியை நேரா அங்க கொண்டு போய் வச்சு ஈஓஎல்லோட காலைக் கழட்டிப் பார்ப்பார்.